மேய்ச்சல் நிலத்துப் பார்த்தீனியத்துக்கு ஓர் ஒப்பந்தச் சேவை: நான்கு ஆண்டுக் கணக்கு

கால்நடை வளர்ப்போர் சிலர் சேர்ந்து கூட்டாகப் பராமரித்துவரும் 150 ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தின் வரவு செலவுக் கணக்கை எழுதுவது என் பொறுப்பு. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்தீனியம் பிடித்துக்கொண்ட பிறகு, களை கட்டுப்படுத்தும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். நான்கு ஆண்டுகள் அவர்களுடைய சேவையைப் பயன்படுத்திவிட்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தெளிப்பு வேலை நன்றாக இருந்தது. ஒப்பந்தம் எழுதப்பட்ட முறை நன்றாக இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் நாங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, மிகக் குறைந்த பலன் தரக்கூடிய இடத்தில் போய் விழுந்தது. விலைப்புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும் என்று நம்புகிறேன்.

அவர்கள் விற்ற சேவை இதுதான்: மழைக்காலத்தில் இரண்டு முறை களைக்கொல்லித் தெளிப்பு, ஆண்டுக்கு ஒரு முறை களை பரவியுள்ள இடங்களின் வரைபடம், பருவ முடிவில் ஓர் அறிக்கை. திறந்த வெளியில் டிராக்டரில் பொருத்திய தெளிப்பானையும், பாறை நிறைந்த இடங்களிலும் ஓடைக் கரையிலும் முதுகில் சுமக்கும் தெளிப்பானையும் பயன்படுத்தினார்கள். கட்டணம், தெளித்த பரப்புக்கு ஹெக்டேருக்கு இவ்வளவு என்ற கணக்கில். நான் பார்த்த மற்ற மூன்று விலைப்புள்ளிகளும் இதே வடிவில்தான் இருந்தன.

வேலையின் தரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் அவர்களுக்கு முழுப் பாராட்டு உரியது. பார்த்தீனியம் முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் பூத்துவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். ஆகவே இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும் இளம் பருவத்தில் மருந்து விழ வேண்டும். பூத்த பிறகு தெளிப்பது பெரும்பாலும் மனத்திருப்திக்கு மட்டுமே. மழை பெய்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு, மூன்றாம் வாரத்தில் வண்டி வந்து நின்றது. ஒரு முறைகூட நாங்கள் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. கிளைஃபோசேட் போட்டால் புல்லும் சேர்ந்து கருகும் என்பதால், புல் உள்ள இடங்களில் அகன்ற இலைக் களைகளை மட்டும் தாக்கும் 2,4-டி மருந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மருந்து புல்லுக்கிடையே இருந்த பயறுவகைத் தீவனக் கொடிகளையும் கொன்றுவிடும் என்பதை முன்கூட்டியே சொன்னார்கள். இதைச் சொல்லாமல் மறைப்பவர்களும் உண்டு. தொழிலாளர்கள் எல்லோரும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்திருந்தார்கள். பார்த்தீனியம் தோலில் தடிப்பையும், அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும் செடி; பூத்த செடிகளைக் கையால் பிடுங்க ஆட்களை அனுப்பி அவர்களை நோயாளிகளாக்கிய கதை எங்கள் குழுவுக்கே உண்டு. அந்தத் தவற்றை இவர்கள் செய்யவில்லை.

முதல் தெளிப்புக்கு இருபது நாள் கழித்து அடர்ந்த பகுதியின் நடுவே போய் உட்கார்ந்து பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்க நிலம் பழுப்பேறி, வேலை முடிந்துவிட்டது போலத்தான் தெரிந்தது. காய்ந்த தண்டுகளை விலக்கியபோது, அவற்றின் அடியில் விரல் நகத்தளவு நாற்றுகள் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. கேரட் இலையைச் சிறிதாக்கினாற்போல் வெட்டுப்பட்ட இலைகள். ஒரு உள்ளங்கையை விரித்து வைத்த இடத்தில் ஒன்பது எண்ணினேன். புல்லின் ஒரு தூர்கூட அந்த இடத்தில் இல்லை. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது. காலியான இடத்தை எடுத்துக்கொள்ள அங்கே வேறு எதுவும் இல்லாததால், அதே களை திரும்பி வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் ஒரு சிறிய சோதனை செய்தேன். பத்து இடங்களிலிருந்து மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தனித்தனித் தட்டுகளில் பரப்பி, தினமும் நீர் தெளித்து, ஆறு வாரம் முளைத்தவற்றை எண்ணினேன். அடர்ந்த பகுதியின் மண்ணில் ஒரு தட்டுக்கு நாற்பதுக்கு மேல் பார்த்தீனிய நாற்றுகள் வந்தன. கொழுக்கட்டைப்புல் நன்றாக மூடியிருந்த பகுதியின் மண்ணில் இரண்டோ மூன்றோதான். மண்ணில் புதைந்த பார்த்தீனிய விதை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியது. அந்தக் கையிருப்பு தீரும்வரை, மேலே நிற்கும் செடியைக் கொல்வது வட்டியைக் கட்டிக்கொண்டு அசலை அப்படியே வைத்திருப்பதற்குச் சமம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. இதற்குச் செலவு எதுவும் இல்லை, எங்களுக்கு இது ஓர் ஆண்டு தாமதமாகத்தான் தோன்றியது.

இனி கணக்குக்கு வருகிறேன். எந்த நாணயத்திலும் பொருந்தும்படி அலகு என்றே எழுதுகிறேன். ஒரு ஹெக்டேரைத் தெளிக்க 100 அலகு செலவாகிறது என்று வையுங்கள். களை நீங்கியதால் கூடுதலாகக் கிடைக்கும் புல்லின் மதிப்பு ஆண்டுக்கு 15 அலகு. பணத்தின் கால மதிப்பு 8 விழுக்காடு, அதாவது அடுத்த ஆண்டு வரும் 108 அலகு இன்றைய 100 அலகுக்குச் சமம். புல் நான்கு ஆண்டுகள் நிலைத்தால், அந்த வருமானத்தின் இன்றைய மதிப்பு சுமார் 50 அலகு. போட்டதில் பாதி போய்விட்டது. பத்து ஆண்டுகள் நிலைத்தால்தான் அது 100 அலகைத் தொட்டு, முதல் மட்டும் திரும்புகிறது. மேய்ச்சல் நிலத்தின் அடிப்படைச் சிக்கல் இதுதான்: பயிர் நிலத்தைப் போல் ஒரு ஹெக்டேரிலிருந்து பெரிய வருமானம் வராது, ஆனால் தெளிப்புச் செலவு பயிர் நிலத்துக்கு ஆவதைப் போலவே ஆகும். எனவே, ஒரு மருந்து எத்தனை விழுக்காடு களையைக் கொன்றது என்பதைவிட, அதன் பிறகு எத்தனை ஆண்டுகள் புல் நின்றது என்பதே லாபத்தையும் நட்டத்தையும் தீர்மானிக்கிறது. எங்கள் நிறுவனத்தின் அறிக்கையில் முதல் எண் பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டாவது எண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த 15 அலகும் தானாக வந்துவிடுவதில்லை. கூடுதல் புல்லை உண்ணக் கால்நடை இருந்தால்தான் அது வருமானம். அதே நேரம், முளைத்த புல்லையெல்லாம் உடனே மேயவிட்டால் தரை மீண்டும் வெறுமையாகிப் பார்த்தீனியத்துக்கே இடம் கொடுக்கும். தெளித்த பகுதியைக் குறைந்தது ஒரு முழு மழைக்காலம் அடைத்து வைக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக்கு மாடுகளுக்கு வேறிடத்துத் தீவனம் வாங்கினோம். கணக்கை முடித்துப் பார்த்தபோது, முதலாண்டில் தீவனத்துக்கான செலவு தெளிப்புச் செலவைவிட அதிகமாக இருந்தது. விலைப்புள்ளியில் இந்த வரி இல்லை. நிறுவனம் விற்கும் பொருள் அது இல்லையாதலால் இருக்கவும் போவதில்லை. ஆனால் முடிவெடுப்பவர் மேசையில் முதலில் இருக்க வேண்டிய எண் அதுதான். நிலம் முழுவதையும் ஒரே பருவத்தில் தெளிக்கலாம், மொத்தமாகச் செய்தால் ஹெக்டேருக்குக் கட்டணம் குறையும் என்று அவர்கள் சொன்னபோது, நாங்கள் ஒத்துக்கொள்ளாமல் இருந்தது நல்லதாயிற்று. அடைத்து வைக்கும் பரப்பு பெருகியிருந்தால் சில குடும்பங்கள் மாடுகளை விற்க வேண்டி வந்திருக்கும்.

என் முக்கியமான குறை வேறிடத்தில் இருக்கிறது. தெளித்த ஹெக்டேருக்குப் பணம் என்று எழுதினால், வண்டி எங்கே போகும்? பெரிய, அடர்ந்த, சமமான பரப்புக்குத்தான் போகும். ஓட்டுநர் நேராகப் போய்த் திரும்புகிறார், மீட்டரில் பரப்பு ஏறுகிறது. வண்டிப்பாதை ஓரத்தில் நாலு செடி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இருபது செடி, ஓடை திரும்பும் இடத்தில் ஒரு பாய் அளவுத் திட்டு என்று சிதறிக் கிடப்பவற்றைத் தேடி நடப்பவருக்கு, ஒரு நாள் உழைத்தாலும் அரை ஹெக்டேர்கூடக் கணக்கில் வராது. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தச் சிறு திட்டுகள் அப்படியே விடப்பட்டன. இதில் எந்த ஏமாற்றும் இல்லை. நாங்கள் எதற்குப் பணம் கொடுத்தோமோ அதை அவர்கள் செய்தார்கள்.

சிறு திட்டுகளின் பொருளாதாரம் வேறு மாதிரியானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே களை குறைவாக இருப்பதால், இந்த ஆண்டு புல் இழப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இந்த ஆண்டு வருமானத்தை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே செலவிடுவது வீண் போலவே தோன்றும். ஆனால் ஆண்டுக்கு 15 விழுக்காடு பரவும் களை ஐந்து ஆண்டுகளில் இரட்டிக்கும். இருபது ஆண்டுகளில் 16 மடங்காகும். ஒரு ஹெக்டேர் அளவுள்ள சிதறிய திட்டுகளைத் தேடி அழிப்பதற்கு, அடர்ந்த பரப்பைத் தெளிப்பதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 300 அலகு ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் இருபதாம் ஆண்டில் 16 ஹெக்டேரைத் தெளிக்க 1,600 அலகு தேவைப்படும். 8 விழுக்காட்டில் அதன் இன்றைய மதிப்பு சுமார் 343 அலகு. இடையில் இழந்த புல்லைச் சேர்க்காமலே இன்று செலவிடுவதுதான் மலிவு. இழந்த புல்லையும், பத்து ஆண்டுக்கொரு முறை தெளிப்பைத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

இது காகிதக் கணக்கு மட்டுமில்லை. கலிஃபோர்னியாவில் அரசு மேற்கொண்ட அயல் களை ஒழிப்பு முயற்சிகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வு, ஒரு ஹெக்டேருக்குக் குறைவான திட்டுகளை முழுவதும் ஒழிப்பது பெரும்பாலும் முடிந்திருக்கிறது என்றும், ஒன்று முதல் 100 ஹெக்டேர் வரையிலானவற்றில் மூன்றில் ஒரு பங்கும், 101 முதல் 1,000 ஹெக்டேர் வரையிலானவற்றில் நான்கில் ஒரு பங்கும் மட்டுமே ஒழிக்கப்பட்டன என்றும் காட்டியது. அதற்கும் மேல் போனால் ஒழிப்பு என்ற சொல்லையே விட்டுவிட்டு, எந்த அளவில் வைத்துக்கொள்வது என்று பேச வேண்டும். எங்களிடம் இருந்த ஐம்பது ஹெக்டேர் அடர்ந்த பரப்பை ஒழித்துவிடலாம் என்று முதலாண்டில் நாங்கள் நம்பியது, இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

மூன்றாம் ஆண்டு ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதச் சொன்னோம், நிறுவனம் சம்மதித்தது. இதை அவர்களுடைய பெரிய நல்ல குணமாகக் குறிப்பிட விரும்புகிறேன். பணத்தை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு நாள் கூலி அடிப்படையில், வண்டிப்பாதை, வேலி ஓரம், ஓடை, தண்ணீர்த் தொட்டி ஆகிய இடங்களை மாதம் ஒரு முறை நடந்து தேடுவதற்கு. இன்னொரு பங்கு, அடர்ந்த பரப்பின் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் குறுகிய பட்டைகளாகத் தெளித்து, அதே பருவத்தில் அந்தப் பட்டையில் கொழுக்கட்டைப்புல் விதைப்பதற்கு. மூன்றாம் பங்கை அவர்கள் கையில் உடனே கொடுக்கவில்லை: பன்னிரண்டு மாதம் கழித்து, குறித்துவைத்த இடங்களில் அளவுச் சட்டகத்தைத் தரையில் வைத்து அதற்குள் இருப்பதை எண்ணிப் பார்த்து, புல் மூடிய பரப்பு பாதிக்கு மேல் இருந்தால் அது சேரும் என்று எழுதினோம். அடர்ந்த பகுதியின் நடுப்பரப்பைத் தொடவே இல்லை. அதைப் பார்க்கும் வெளியாட்கள், பணம் செலவழித்தும் களை அப்படியே இருக்கிறதே என்று கேட்கிறார்கள். அது கண்ணுக்கு உறுத்தலான முடிவுதான். கணக்குக்குச் சரியான முடிவு.

பலன் என்னவென்றால், நான்காம் ஆண்டு முடிவில் அடர்ந்த பரப்பு சிறிதளவே குறைந்திருக்கிறது. ஆனால் மீதி நூறு ஹெக்டேரில் முதலாண்டு வரைபடத்தில் குறித்த இருபத்திரண்டு திட்டுகளில் பதினாறில் கடந்த மழைக்காலத்தில் ஒரு செடிகூடப் பூக்கவில்லை. மண்ணில் விதை இருக்கும் என்பதால் அவற்றை அழிந்ததாகக் கணக்கில் எழுதவில்லை. பட்டைகளில் புல் பிடித்த இடங்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டு பட்டைகளில் விதைத்த பின் மழை பொய்த்ததால் விதையும் பணமும் போயின. அந்த இழப்பில் பாதியை நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

இந்தச் சேவையில் கூடுதல் கட்டணத்துக்கு விற்கப்பட்ட ஒரு பொருளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். பார்த்தீனிய இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டுகளைப் பெட்டியில் கொண்டுவந்து விடுவதற்கு ஒரு கட்டணம் வைத்திருந்தார்கள். வண்டின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1980இலும் இந்தியாவில் 1984இலும் ஆய்வுக்குப் பிறகு விடப்பட்ட வண்டு அது. நல்ல மழை பெய்யும் மாதங்களில் செடியை நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்று தீர்ப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் வறட்சியில் அது மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். மேலும், நாம் தெளித்த இடத்தில் அதற்கு உணவே இருக்காது. ஏற்கெனவே வட்டாரத்தில் பரவிவிட்ட வண்டை, மழைக்காலத்தில் பக்கத்து நிலத்தில் கையால் சேகரித்து வந்து விடலாம். அதற்குக் கட்டணம் கொடுத்தது எங்கள் அவசரம்.

உயிரினங்களைக் கொண்டு களையைக் கட்டுப்படுத்துவதன் பொருளாதாரம் தனி நில உரிமையாளரின் பணப்பைக்கு உட்பட்டது இல்லை. பூச்சி வேலியைப் பார்த்து நிற்காது. ஒருவர் செலவழித்தால் பலன் எல்லோருக்கும் போகும். ஆகவே அந்தச் செலவைப் பொது நிதிதான் ஏற்க வேண்டும், ஏற்ற இடங்களில் அது கொடுத்திருப்பதும் பெரிது. ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளி 1920களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேரைப் பிடித்திருந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கும் செலவு நிலத்தின் மதிப்பையே மிஞ்சியதால் மக்கள் நிலத்தை விட்டே போனார்கள். அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அந்துப்பூச்சியை 1926இல் வெளியில் விட்ட பிறகு, ஏழெட்டு ஆண்டுகளுக்குள் அந்தக் கள்ளியின் பெரும்பகுதி சரிந்தது. அந்த நாட்டின் களை உயிரியல் கட்டுப்பாட்டு முயற்சிகள் அனைத்தையும் சேர்த்து 2006இல் மதிப்பிட்டபோது, செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 23 டாலர் பலன் என்று கண்டார்கள். தோற்ற முயற்சிகளின் செலவையும் உள்ளடக்கிய சராசரி அது. இத்தகைய கணக்கை எந்த ஒப்பந்த நிறுவனமும் ஒரு பண்ணைக்கு விற்க முடியாது.

எந்த விலைப்புள்ளியிலும் நான் காணாத இன்னொரு வேலை, களை உள்ளே வராமல் தடுப்பது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில மேய்ச்சல் நிலங்களுக்குப் பார்த்தீனியத்தைக் கொண்டுவந்தது, கிளெர்மாண்ட் பகுதியில் விதைக்க டெக்சாஸிலிருந்து வாங்கிய கலப்படமான புல்விதை. 1990களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தின் மாட்டுத் தொழிலுக்கு இந்த ஒரு செடியால் ஆண்டுக்கு 1.65 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பு என்று மதிப்பிடப்பட்டது. ஒரு விதைமூட்டையைச் சோதித்துப் பார்க்கும் செலவை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எங்கள் விஷயத்தில், இரண்டாம் ஆண்டில் தொட்டிக்கருகே புதிதாக முளைத்த திட்டு, தெளிக்க வந்த டிராக்டரின் சக்கரத் தடத்திலேயே இருந்தது. மறுமுறை வண்டி வந்தபோது டயர் பள்ளங்களில் இருந்த மண்ணைக் குச்சியால் கிளறி ஒரு தட்டில் போட்டு நனைத்து வைத்தேன். பத்து நாளில் ஆறு நாற்றுகள். அந்தத் தட்டை நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடம் காட்டியபோது அவர் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து வாயிலில் வண்டியைக் கழுவாமல் உள்ளே விடுவதில்லை என்று இரு தரப்பும் எழுதிக்கொண்டோம். கழுவும் நீர் வடியும் இடத்தை மட்டும் மாதம் ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தச் சேவையைப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டால், சிதறிய களை உள்ளவர்களுக்கும், புல் இன்னும் தூரோடு நிற்கும் நிலத்துக்கும் தயங்காமல் ஆம் என்பேன். முழுவதும் அடர்ந்துபோன, புல் தூரே இல்லாத நிலத்துக்கு, விதைப்பையும் அடைப்பையும் சேர்த்துச் செலவிடப் பணம் இல்லாத நிலையில், தெளிப்பை மட்டும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் வேலி போட்டு, மேய்ச்சலைச் சுழற்சியில் விட்டு, இரண்டு பருவம் புல்லுக்கு ஓய்வு கொடுங்கள். ஐந்தாம் ஆண்டு ஒப்பந்தத்தைத் திருத்திய வடிவிலேயே நாங்கள் புதுப்பித்திருக்கிறோம். இம்முறை சேர்த்த ஒரே வரி: நிறுத்திவைத்த மூன்றாம் பங்குக்கான எண்ணிக்கையைப் பன்னிரண்டு மாதத்தில் ஒரு முறையும், முப்பத்தாறு மாதத்தில் ஒரு முறையும் எடுக்க வேண்டும்.